ஜெயில் வாசலில் சொல்லக்கூடாத வார்த்தை

அதோடு விட்டாளா? கேமராவைப் பார்த்துக் கையையும் ஆட்டியிருக்கிறாள்! நேற்று ஏரிக்கரையில் ஒரே நடையை நாலு தடவை எடுத்தார்களே, எல்லாம் அந்தக் கோடிவீட்டுக்காரி பார்த்த வேலைதான். கேட்டால், "எங்க வீட்டுக்காரரு படம் பாப்பாருல்ல பெரியம்மா, அதான் ஆட்டுனேன்" என்கிறாள். படம் வர இன்னும் ஒரு வருஷமாகும். இவள் இப்போதே புருஷனுக்குக் கையாட்டிவிட்டாள்! எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நீ சிரிக்காதே பவுனு, நாளைக்கு நீயும் உன் நாத்தனாரும்தானே போகிறீர்கள். உள்ளே வாருங்கள் இரண்டு பேரும். பூண்டு உரித்துக்கொண்டே பேசுவோம். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு ஓடாது.

சினிமாக் கூட்டத்துக்கு நிற்பது என்றால் நடிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிற்பதுதான் வேலை. நான் இந்த மலை ஊரில் எத்தனை படத்துக்கு நின்றேன் என்று எனக்கே எண்ணத் தெரியாது. பெண்வீட்டுக்காரியாக நின்றிருக்கிறேன், மாப்பிள்ளை வீட்டுக்காரியாகவும் நின்றிருக்கிறேன், சந்தையில் கேரட் விற்றிருக்கிறேன், மூன்று படத்தில் பிணமாகப் படுத்திருக்கிறேன். பிணமாகப் படுப்பதுதான் சுகம், போர்வை கொடுப்பார்கள். இப்போது முழங்கால் விட்டுப்போனதால் வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். இல்லாவிட்டால் நாளைக்கு உங்களுக்கு முன்னால் நான்தான் வேனில் ஏறியிருப்பேன், ஜன்னலோரமாக.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இடத்தை முழுசாகக் காட்டி ஒரு பெரிய ஷாட் எடுப்பார்கள். அதில் நீ விழுந்துவிட்டால், அந்த சீன் முடிகிற வரைக்கும் உன்னை அவர்களால் விடவே முடியாது. அதே சேலை, அதே கொண்டை, அதே இடம். குளிருகிறதே என்று ஒருதரம் பழைய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பெரிய ஷாட்டில் நின்றுவிட்டேன். ஒன்பது நாள் அதைக் கழற்ற விடவில்லை! துவைக்கவும் கூடாதாம், சாயம் வெளுத்துவிடுமாம். பத்தாம் நாள் என் பேத்தி பக்கத்தில் வரமாட்டேன் என்றுவிட்டாள். அந்த ஒன்பது நாளில்தான் நான் சொல்லப்போகிற விஷயம் நடந்தது. அது நான் செய்த தப்பு. கூட்டத்துக்கு நிற்க வருகிற பெண்கள் வேறெதைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது ஒரு ரவுடிப் படம். கும்பலில் இருந்து வெட்டுக் குத்து என்று திரிந்தவன் ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வருகிறான். இனி நல்லபடியாகப் பிழைப்போம் என்று மலைக்கு வந்து தோட்டம் போடுகிறான். பழைய கும்பல் விடுவேனா என்று தேடி வருகிறது. இதுதான் கதை. கும்பலாக நடிக்க வந்தவர்களை நீ பார்க்க வேண்டுமே! ஒவ்வொருவருக்கும் என் கை நீளத்துக்கு மீசை. வந்த இரண்டாம் நாளே ஆளுக்கொரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு, "பாட்டி, கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமா?" என்று எங்கள் பக்கம் வந்து நிற்பார்கள். அதில் ஒருத்தனுக்கு அட்டைப்பூச்சி என்றால் உயிரே போய்விடும். கையில் அரிவாளை வைத்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பான்.

அத்தனை ரவுடிகளுக்கு நடுவில் நிஜமாகவே ஜெயிலைப் பார்த்தவன் ஒருத்தன்தான் இருந்தான். அவன் ஓரமாக நின்று ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நம் செல்வராசு. உனக்குத் தெரியாது பவுனு, நீ அப்போது கல்யாணமாகி இங்கே வரவில்லை. நம் தெருவில் பிறந்த பிள்ளைதான். என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான். கீழே மதுரைப் பக்கம் போய் ஒரு கும்பலுக்கு வண்டி ஓட்டினான். வெட்டியது அவனில்லை. ஆனால் வெட்டியவர்களை ஏற்றிக்கொண்டு போனது அவன் வண்டி. ஆறு வருஷம் உள்ளே இருந்தான். வந்த பிறகு ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? எஸ்டேட்டில் கேட்டான், ஓட்டலில் கேட்டான், டாக்ஸி ஸ்டாண்டில் போய் நின்றான். எல்லாரும், "சொல்லி அனுப்புறோம்ப்பா" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை.

கடைசியில் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கிற பாய்தான் சாவி கொடுத்தார். அவருக்கு இரண்டு ஜீப். காய்கறி ஏற்றவும் வாடகைக்கு விடவும் வைத்திருந்தார். அன்றைக்கு நான் கடையில் மிளகாய் வாங்க நின்றேன், என் காதாலேயே கேட்டேன்.

"ஏலே, முப்பது நாளு ஓட்டிக் காட்டு. எவன்கிட்ட இருந்தும் ஒரு கம்ப்ளெயிண்ட் வரப்பிடாது. அப்பறம் வண்டி ஒன் கையில. நானே கேட்டாலும் குடுக்காத."

அவன் சாவியை வாங்கி, கைக்குட்டையில் வைத்து மடித்து, சட்டைப்பைக்குள் போட்டான். சாவியை யாராவது கைக்குட்டையில் மடிப்பார்களா? அந்த ஜீப்பைத்தான் சினிமாக்காரர்கள் வாடகைக்குப் பிடித்தார்கள், வண்டியோடு அவனையும். அவன் ஜெயிலுக்குப் போய் வந்தது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. நம் தெருவிலிருந்து கூட்டத்துக்குப் போன ஏழு பெண்களும் வாயைத் திறப்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். பேசி வைத்ததே நான்தான்!

பன்னிரண்டு நாள் போனது. ஒரு குறை இல்லை. சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே வண்டி நிற்கும்.

பதின்மூன்றாம் நாள் ஜெயில் வாசல் சீன். நம் ஊரில் ஜெயிலுக்கு எங்கே போவார்கள்? ஏரிக்கு மேற்கே ஒரு பழைய கல் கட்டடம் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பெரிய கதவை மாட்டி, போர்டு எழுதி, ஜெயிலாக்கிவிட்டார்கள். எங்களை மதில் ஓரமாக நிறுத்தினார்கள். உள்ளே இருப்பவர்களைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற சொந்தக்காரர்கள் நாங்கள். கதவு திறக்க வேண்டும், விடுதலையாகி மூன்று பேர் வர வேண்டும், நாலாவதாக ஹீரோ வர வேண்டும். அந்த மூன்று பேருக்கு ஆள் குறைந்தது. உதவி டைரக்டர் ஒரு பெண், மெட்ராஸ் பிள்ளை, ஒல்லியாகக் காற்றில் பறக்கிற மாதிரி இருப்பாள், அவள் டிரைவர்கள் பக்கம் போய் இரண்டு பேரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அதில் ஒருத்தன் செல்வராசு.

அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் பேசாமல் போய் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவுக்கு உள்ளே போய் நின்றான். கதவைச் சாத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கியது பாரு! எங்கிருந்தோ வந்து மதிலுக்குப் பின்னால் வெள்ளையாக எழும்பி, கதவுக்கு மேலே வழிந்து கீழே விழுகிறது. கேமராக்காரர், "எடு எடு எடு" என்று குதிக்கிறார். கதவு திறந்தது. முதல் ஆள் வந்தான், இரண்டாம் ஆள் வந்தான், மூன்றாவதாகச் செல்வராசு வந்தான், பின்னாலேயே ஹீரோ. ஷாட் முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். மேகம் அப்படியே கலைந்து பளிச்சென்று வெயில் வந்துவிட்டது.

அடுத்தது கிட்டத்தில் வைத்து எடுக்கிற ஷாட். அதற்குப் புகை போட்டுச் சமாளிப்பார்கள். செல்வராசு இரண்டு எட்டு முன்னால் போய் ஓரமாக ஒதுங்குகிறான். ஹீரோ வாசலில் நின்று வார்டரைத் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன் சார்" என்கிறார். ஒத்திகைதான். நல்ல உருக்கமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்குமா?

"அய்யய்ய! ஜெயில் வாசல்ல நின்னுக்கிட்டு எவனாச்சும் போயிட்டு வரேன்னு சொல்லுவானா?"

பக்கத்தில் நின்றவளிடம்தான் சொன்னேன். ஆனால் என் குரல் உங்களுக்குத் தெரியும். டைரக்டரே திரும்பிப் பார்த்தார். கண்ணாடி போட்ட மனுஷர், சத்தமே போடமாட்டார். நேராக என்னிடம் வந்து, "ஏன் பாட்டி சொல்லக்கூடாது?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த டைரக்டரும் என்னிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'சிவப்பு ஸ்வெட்டர், கொஞ்சம் தள்ளி' என்பதோடு சரி. இவர் என் முன்னால் வந்து நின்று, நான் சொல்கிறதைக் கேட்கக் காத்திருக்கிறார்! சந்தோஷத்தில் மடமடவென்று கொட்டிவிட்டேன்.

"நாங்க மனு போட்டுப் பாத்துட்டுக் கெளம்பறப்ப அவங்கம்மா பழக்க தோசத்துல வார்டர்கிட்ட போயிட்டு வரேன் சாமின்னு சொல்லிருச்சுங்க. அவரு பதறிப்போய், 'இந்த எடத்துல அப்படிச் சொல்லாதம்மா, மறுபடி இங்கயே வரணும்னு ஆயிரும்'னாரு. நம்ம செல்வராசு உள்ள இருந்தப்பதாங்க, இந்தா நிக்கிறானே, இவனைப் பாக்கப் போனப்ப..."

கையை வேறு நீட்டிக் காட்டிவிட்டேன்.

நீட்டிய கையை மடக்குவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செல்வராசு தரையைப் பார்த்தபடி நின்றான்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மேனேஜர் ஒருத்தர் இருப்பார், வண்டி, சாப்பாடு, ஆள் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் குடையை மடக்கிக்கொண்டு வேகமாக வந்தார்.

"யோவ், உள்ள இருந்தவனா நீ? என்ன கேஸு?"

"வெட்டுக் கேஸுங்க. வண்டி ஓட்டுனேன்."

"பொம்பளைப் பிள்ளைகள ஏத்திக்கிட்டு தினமும் மலையில போற. சொல்ல வேண்டாம்? சாவியக் குடு. சட்டையக் கழட்டிட்டுக் கெளம்பு."

செல்வராசு கைக்குட்டையைப் பிரித்துச் சாவியை எடுத்துக் கொடுத்தான். சட்டையைக் கழற்றி, அந்தக் குளிரில் பனியனோடு நின்று, ஓரம் ஓரமாகச் சேர்த்துச் சதுரமாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினான். மேனேஜர் அதற்குள் போனை எடுத்துப் பாயிடம் பேச ஆரம்பித்துவிட்டார். "என்ன பாய், இப்படி ஒரு ஆளையா அனுப்புவீங்க?" என்பது வரைக்கும் என் காதில் விழுந்தது.

உதவி டைரக்டர் பெண் மட்டும் மெதுவாக, "சார், நம்ம கதையே இதுதானே" என்றாள்.

"கதையில திருந்தட்டும்மா. லொகேஷன்ல வேண்டாம்" என்றார் அவர்.

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எனக்கு முதலில் அழுகை வந்தது. மேனேஜர் காலில் விழலாமா என்று தோன்றியது. அவன் எவ்வளவு நல்ல பிள்ளை, அம்மா செத்ததற்குக்கூட வர முடியாமல் உள்ளே கிடந்தானே என்றெல்லாம் சொல்லலாமா என்று வாய் துடித்தது. நல்லவேளை, சொல்லவில்லை. ஷூட்டிங்கில் நூறு பேர் வெயில் போய்விடுமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒருத்தன் நல்லவனா கெட்டவனா என்று கேட்க யாருக்கும் பொழுது கிடையாது. அழுதால் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பார்கள். சத்தம் போட்டால் உன்னையும் வேனில் ஏற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும், அது உன் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

என் கையில் என்ன இருந்தது? எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் ஒரு ஷாட்டில் யார் எங்கே நின்றார்கள் என்பது கண்ணை மூடினால் தெரியும். மூடினேன். கதவு, மேகம், முதல் ஆள், இரண்டாம் ஆள், செல்வராசு, ஹீரோ.

மேனேஜரிடம் நான் போகவில்லை, டைரக்டரிடமும் போகவில்லை. நாளைக்கு யாருக்குத் திட்டு விழுமோ அவரிடம்தான் போக வேண்டும். யார் எந்தச் சட்டை, எந்தக் கையில் பை என்று நோட்டில் எழுதி வைக்கிற அந்த ஒல்லிப் பெண்ணிடம் போனேன்.

"ஏம்மா, பெரிய ஷாட்டுல ஹீரோவுக்கு முன்னால யாரு வந்தா?"

"மூணு பேரு பாட்டி."

"மூணாவதா?"

அவள் நோட்டைப் பார்த்தாள். போனில் எடுத்த படத்தைப் பார்த்தாள். முகம் செத்துப்போய்விட்டது. "ஐயோ பாட்டி!" என்று டைரக்டரிடம் ஓடினாள்.

மேனேஜர் லேசுப்பட்ட ஆளா? "இதுக்கு ஏம்மா பதறுற? அதே சட்டையை வேற ஆளுக்கு மாட்டி விடு. ஓரமா ஒதுங்கற ஆளுதானே" என்றார்.

"மொகம் தெரியுதுங்க" என்றேன் நான். இந்தத் தடவை வேண்டுமென்றே சத்தமாகத்தான் சொன்னேன். "மத்த ரெண்டு பேரும் கதவைத் திரும்பிப் பாத்தாக. இவன் பாக்கல. நேரா வந்தான். போட்டுப் பாருங்க."

சின்ன டிவி மாதிரி வைத்திருப்பார்களே, அதில் போட்டுப் பார்த்தார்கள். நானும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். பவுனு, அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! மேகம் பின்னால் இறங்குகிறது, இவன் வருகிறான். கண் எதையும் பார்க்கவில்லை. கால் கதவைத் தாண்டுகிற நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்கிறான், தாண்டி நாலு எட்டு வந்த பிறகுதான் விடுகிறான். யார் சொல்லிக் கொடுத்தது அதை? டைரக்டர் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இவர் போனா இந்த மேகத்த நீங்க மறுபடி கொண்டு வருவீங்களா?"

மேனேஜர் குடையை விரித்துக்கொண்டார். வெயிலுக்கா, வெட்கத்துக்கா என்று எனக்குத் தெரியாது.

செல்வராசு அதற்குள் ரோட்டுக்கு ஏறிவிட்டான். அந்தப் பெண் ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். டைரக்டர் அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"வெளிய வர்றப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னான். "ஒண்ணும் சொல்லல சார். போறேன்னு சொன்னா வீட்ல எழவு விழும்பாக. வரேன்னு சொன்னா மறுபடியும் உள்ளதான். வேற வார்த்தை ஏது? வாயைத் தொறந்தேன். ஒண்ணும் இல்ல, மூடிக்கிட்டேன். பையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நடந்துட்டேன்."

டைரக்டர் நேராக ஹீரோவிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னார். அந்த ஷாட்டை எடுத்தார்கள். ஹீரோ வாசலில் நின்று திரும்புகிறார், வாய் திறக்கிறது, மூடிக்கொள்கிறது, நடக்கிறார். அவ்வளவுதான். அந்தப் படம் வந்தபோது என் பேத்தி போனில் போட்டுக் காட்டினாள். அந்த இடம் வந்ததும், "ஆத்தா, அழுகையா வருது" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. மதில் ஓரத்தில் என் சிவப்பு ஸ்வெட்டர் எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்தேன்!

படத்துக்கு நல்லது நடந்தது, சரி. செல்வராசுக்கு? அவன் வருகிற ஷாட் முடிகிற வரைக்கும் நிற்கலாம், ஜீப்பைத் தொடக்கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாய்க்குப் புகாரும் போய்விட்டது. மதியத்தோடு அவன் வேலை முடிந்தது. சட்டையைக் கொடுத்துவிட்டு நடந்தே கீழே இறங்கினான். நான் பின்னாலேயே, "ஏலே செல்வராசு, நில்லுடா" என்று ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடப்பதுதான் அவனுக்கு நன்றாக வருமே.

நேராகப் பாய் கடைக்குப் போனேன். தப்புச் செய்தால் தப்பு நடந்த இடத்தில் நின்று புலம்பாதீர்கள். அது யார் காதுக்குப் போனதோ அங்கே போய் நில்லுங்கள், அன்றைக்கே. மறுநாள் போனால் அதற்கு நாலு கை கால் முளைத்திருக்கும்.

பாய் பருப்பு அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா. போன் வந்துருச்சு" என்றார்.

"பாய், அவன் பேர்ல தப்பில்ல. நான்தான் ஒளறிட்டேன். என்னைய நாலு வார்த்தை ஏசுங்க. அவனை விட்றாதீங்க."

"உங்கள ஏசி என்னத்துக்கு ஆகப்போகுது? அவன் உள்ள இருந்தவன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே சாவி குடுத்தேன்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப வண்டி அவனுக்குத்தானே?"

பாய் தராசுத் தட்டைத் துடைத்தார். அவசரப்படவே மாட்டார் அந்த மனுஷர். "கம்ப்ளெயிண்ட் வரப்பிடாதுன்னு சொன்னேன்ல? வந்துருச்சுல்ல?"

"அது அவன் செஞ்சதப் பத்தி இல்லையே பாய்! அவன் முன்ன செஞ்சதப் பத்தித்தானே."

"எதைப் பத்தியோ. சொன்னது சொன்னதுதான்." அவர் பருப்பைப் பொட்டலம் கட்டி, நூலைச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்த பிறகுதான் மீதியைச் சொன்னார். "அதனால இந்தப் பன்னெண்டு நாளு சேராது. நாளைக்கு வெள்ளனே கிளாவரைக்குப் போகணும், பூண்டு, உருளைக்கெழங்கு ஏத்தணும். அது மொத நாளு. மறுபடி முப்பது எண்ணட்டும். சினிமாக்காரவுகளுக்கு என் மச்சான் வண்டி ஓட்டுவான். ஏரியைச் சுத்தத்தான் அவன் லாயக்கு."

நான் சிரித்துவிட்டேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓடிப்போய்ச் செல்வராசு வீட்டு வாசலில் நின்று சொன்னேன். கதவைத் திறந்து முழுசாகக் கேட்டான். தலையை ஆட்டினான். கதவைச் சாத்திக்கொண்டான்.

கிளாவரை ஊருக்குப் போகிற மலைரோடு எப்படி என்று உனக்குத் தெரியுமே. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. மழைக்காலம் வேறு. நான் சமையலறைச் சுவரில் கரிக்கட்டையால் தினமும் ஒரு கோடு இழுத்தேன். காலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் ரோட்டு வளைவுக்கு வந்து நிற்பேன். ஜீப் என்னைத் தாண்டிப் போகும். அவன் ரோட்டைத்தான் பார்ப்பான். சாயங்காலம் மூட்டையோடு திரும்பி வரும். அப்போதும் ரோட்டைத்தான் பார்ப்பான். என் மருமகள், "என்ன அத்தை, அவன் பாக்கவே மாட்டேங்கிறான், எதுக்குக் குளிர்ல போய் நிக்கிறீக?" என்பாள். நின்றுதானே பழக்கம் எனக்கு! வாயைத் திறந்து கெடுத்தவள், வாயை மூடிக்கொண்டு நிற்கவாவது வேண்டாமா?

இருபத்திரண்டாம் கோடு போட்ட அன்றைக்கு வண்டி வரவில்லை. மேலே மண் சரிந்துவிட்டது என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மதியம்தான் வந்தது, சக்கரம் முழுக்கச் சேறு. பாய் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு நிம்மதியானது. மண் சரிந்த இடத்தில் இந்தப் பக்கம் மூட்டையை இறக்கி, காலி வண்டியை ஓரமாக நகர்த்தி அந்தப் பக்கம் கொண்டுபோய், மூட்டைகளை முதுகிலேயே சுமந்து மறுபடி ஏற்றியிருக்கிறான். கூட வந்த தோட்டக்காரரை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினானாம். "ஒரு கெழங்குகூட நசுங்கலக்கா" என்று பாய் இரண்டு தடவை சொன்னார். அவர் எதையும் இரண்டு தடவை சொல்கிறவரில்லை.

முப்பதாம் கோட்டைப் போட்டுவிட்டு அன்றைக்குச் சாயங்காலமும் வளைவில் நின்றேன். ஜீப் வந்தது. என்னைத் தாண்டியது. பத்தடி போய் நின்றது. மெதுவாகப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றது. இஞ்சினை அணைக்கவில்லை. கையை நீட்டி இந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்க அத்தை. வாயை மட்டும் இங்கனயே எறக்கி வச்சிட்டு ஏறுங்க."

ஏறினேன். கடைவீதி வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, சத்தியமாக! அவன்தான் பேசிக்கொண்டே வந்தான். கிளாவரையில் பூண்டு இந்த வருஷம் பெரிசாகப் பிடித்திருக்கிறதாம், பாய் கணக்குப் பார்க்கிற நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறதாம், வண்டிக்குக் கிளட்ச் மாற்ற வேண்டுமாம், என் வண்டி என் வண்டி என்று ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பான்...

அடியே, வெளியே பார்! மேகம் இறங்கிவிட்டது, கொடியில் கிடக்கிற துணியெல்லாம் போச்சு! எழுந்திரு பவுனு, அந்தக் கோடியிலிருந்து நீ உருவு, வெரசா, வெரசா!